மூணு வருஷம் யார் சோறு போடுவது?

2025 மே கடைசி வாரம். பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சட்டக் கல்லூரியில் கடைசி வருஷப் பரீட்சை எழுதி முடித்த கையோடு வந்திருந்தாள். அவள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். அம்மா நடவுக்கும் களைவெட்டுக்கும் போகிறவள். அப்பா இல்லை. கையில் தடியான ஒரு நோட்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவுகளை நுணுக்கி நுணுக்கி எழுதி வைத்திருந்தாள். இரண்டு வருஷமாக முன்சீப் பரீட்சைக்குத்தான் படிக்கிறாளாம்.

"அண்ணே, இனிமே மூணு வருஷம் பிராக்டீஸ் பண்ணாத்தான் பரீட்சையே எழுத முடியுமாமே, நெசமா?"

நெசந்தாம்மா என்றேன்.

"அதுவரைக்கும் எங்க வீட்ல யாரு சோறு போடறது?"

எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடலாம். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கீழ்நிலை நீதிபதிப் பதவிக்கு (நாம் இன்னும் முன்சீப் என்றுதான் சொல்கிறோம், ஏட்டில் சிவில் நீதிபதி) வருகிறவர்கள் குறைந்தது மூன்று வருஷம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். இது புதுச் சரக்கு இல்லை. 1993-ல் இதே நீதிமன்றம் இதே நிபந்தனையைப் போட்டது. 2002-ல் ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று எடுத்தது. மூணு வருஷம் கோர்ட்டில் நின்று பழகிய கெட்டிக்காரப் பையன் முன்சீப் வேலைக்கு வரமாட்டேன் என்கிறான், நல்ல ஆட்கள் கிடைக்கவில்லை என்பது அப்போது சொன்ன காரணம். புதுப் பட்டதாரிகளைப் போட்டுப் பார்த்த இருபது வருஷ அனுபவம் சரியாக இல்லை, அவர்களுக்குக் கோர்ட் நடப்பே தெரியவில்லை என்பது இப்போது சொல்கிற காரணம்.

இரண்டு காரணத்திலும் ஒரே ஆள்தான் மனசில் இருக்கிறான். அப்பாவோ மாமனோ வக்கீலாக இருப்பவன். 2002-ல் அவனை எப்படி உள்ளே இழுப்பது என்று யோசித்தார்கள். 2025-ல் அவனை எப்படிப் பழக்குவது என்று யோசித்தார்கள். களைவெட்டுக்காரியின் மகள் இரண்டு கணக்கிலும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் (வேடிக்கை என்று சொல்ல வாய் வரவில்லை) இந்தத் தீர்ப்பைத் தந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் பி.ஆர். கவாய். கே.ஜி. பாலகிருஷ்ணனுக்குப் பிறகு தலைமை நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாவது தலித். பதவியேற்று ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. அதே கவாய் மீது அக்டோபர் 6-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே, சனாதனத்தின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஒரு வக்கீல் செருப்பை வீச முயன்றார். நாட்டின் உச்சாணி நாற்காலியில் இருந்தாலும் செருப்பு தேடி வருகிறது. அப்படியொரு நாட்டில், கோர்ட் வளாகத்தில் மூணு வருஷம் பழகிவிட்டு வா என்று நம் பிள்ளைக்குச் சொல்கிறார்கள். அந்த வளாகம் யாருடைய வளாகம் என்பதைப் பேச வேண்டாமா?

பேசுவோம். கறுப்புக் கோட்டு போடுவதற்கே முதலில் காசு வேண்டும். வக்கீல் சட்டம் 1961 என்ன சொல்கிறது? பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். பார் கவுன்சில்கள் வாங்கியது எவ்வளவு? மாநிலத்துக்கு மாநிலம் 15,000-லிருந்து 42,000 வரை. அந்தக் கட்டணம் அந்தக் கட்டணம் என்று பேர் வைத்து வாங்கினார்கள். சட்டத்தில் எழுதியதற்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 ஜூலை 30 வரை ஆயிற்று. சட்டத்தைக் காக்கிறவர்களின் சங்கமே சட்டத்தை மீறி நம்மிடம் வசூலித்திருக்கிறது. அதற்குள் எத்தனை தாலிச் சரடு அடகுக் கடைக்குப் போயிருக்கும்! 1923-ல் லண்டனில் பாரிஸ்டர் முடித்து வந்த அம்பேத்கருக்கே சனத் எடுக்கக் காசில்லை, நண்பர் நவல் பதேனாதான் உதவினார். சனத் எடுத்தும் பம்பாயில் அவருக்கு வழக்குக் கொடுக்க ஆளில்லை. பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் பிழைத்தார். நூறு வருஷம் ஓடிவிட்டது.

சரி, கோட்டு போட்டாயிற்று. சீனியர் வேண்டும். போய்க் கேட்டால் முதல் கேள்வி, "எந்த ஊருப்பா?" ஊரைச் சொன்னால் அடுத்த கேள்வி, "ஊர்ல எந்தப் பக்கம்?" இதைக் கேட்காத சீனியரும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கேட்கிறவர்கள் கேட்டுவிட்டு, "எடம் இல்லப்பா, அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். இடம் கிடைத்தால் சம்பளம்? ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும், அதற்கு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவு போட்டது. தாலுகா கோர்ட் பக்கம் போய் எந்த ஜூனியரையாவது கேளுங்கள். பஸ் காசுக்கு சீனியர் தருவதை எண்ணிக் காட்டுவான். அங்கே ஒரு பையன் பகலில் கோர்ட், ராத்திரி துணிக்கடையில் கணக்கு எழுதுகிறான். தொழில் செய்யும் வக்கீல் வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. அவன் மீறித்தான் பார்க்கிறான். என்ன செய்வான்?

அடுத்தது அனுபவம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்சீப் கோர்ட்டின் உயிர்நாடி சிவில் வழக்கு. சிவில் வழக்கு என்றால் பெரும்பாலும் நிலம். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, கிணத்துப் பங்கு, கிரயப் பத்திரம். நிலம் யாரிடம் இருக்கிறது? நிலம் இருக்கிறவன்தான் வழக்குப் போடுகிறான், அவன் தன் சாதி வக்கீலிடம் போகிறான். பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்துவிட்டு நிற்கிற ஜனத்தின் வக்கீலுக்கு எந்த வரப்பு வழக்கு வரும்? நம் பையனுக்கு வருவது ஜாமீன், பி.சி.ஆர். வழக்கு, ஜீவனாம்சம், அடிபட்டுச் செத்தவனுக்கு இழப்பீடு. பாதிக்கு மேல் பீசு வராத வழக்கு. ஆக நிலம் சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பது போலவே வழக்கும் பிரிந்து கிடக்கிறது, அனுபவமும் பிரிந்து கிடக்கிறது. கோர்ட்டில் நிற்கும் மூன்று வருஷம் எல்லோருக்கும் ஒரே மூன்று வருஷம் இல்லை.

அந்த மூன்று வருஷத்துக்குச் சான்றிதழும் வேண்டும். பத்து வருஷம் தொழில் செய்த வக்கீல் ஒருவர் சான்று கொடுக்கலாம், அதை அந்த ஊர் முதன்மை நீதித்துறை அலுவலர் ஏற்றுக் கையொப்பமிட வேண்டும் என்கிறது தீர்ப்பு. ஒரு கையெழுத்துக்காக மூன்று வருஷம் சீனியரிடம் கை கட்டி நிற்பது எப்படியிருக்கும் என்று பண்ணையில் வேலை பார்த்த நம் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். பெண் ஜூனியருக்கு அந்தக் கையெழுத்தின் விலை இன்னும் கூடுதலாக இருக்கக் கூடும். இதற்கு மேல் எழுத வேண்டாம், வளாகத்தில் இருக்கிற தோழிகளுக்குத் தெரியும்.

மூணு வருஷத்தோடு முடிகிற கதையும் இல்லை. தமிழ்நாட்டில் இந்தப் பரீட்சை வருஷா வருஷம் நடக்கிற திருவிழா அல்ல. 2019-ல் ஒரு அறிவிப்பு வந்தது. அதற்கப்புறம் 2023-ல்தான் 245 இடத்துக்கு வந்தது. மூணு வருஷம் கோர்ட், அறிவிப்புக்கு நாலு வருஷம் என்றால் அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது. அதற்குள் அவளைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அந்த 2023 அறிவிப்பில்தான் ஜவ்வாது மலைப் பழங்குடிப் பெண் ஒருத்தி, பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் சென்னைக்கு வண்டி கட்டிப் போய்ப் பரீட்சை எழுதி, 2024 பிப்ரவரியில் 23 வயதில் சிவில் நீதிபதியாகத் தேர்வானாள். முதலமைச்சர் முதல் எல்லோரும் வாழ்த்தினார்கள். இந்த மூணு வருஷ விதி அன்றைக்கு இருந்திருந்தால் அவளால் விண்ணப்பமே போட்டிருக்க முடியாது. வாழ்த்தியவர்களில் எத்தனை பேருக்கு இது உறைத்தது?

ஏன் நம் பிள்ளைகள் இந்த வேலையைத் தேடி வருகிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. சிவில் நீதிபதிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய். குடியிருப்பு உண்டு. ஊருக்குள் நடந்து போனால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். தேநீர்க் கடையில் தனித் தம்ளரில் குடித்தவரின் பேத்தி உள்ளே வரும்போது டவாலி போட்ட ஆள் முன்னால் நடந்து வழி விலக்குவான். இதை நடுத்தர வர்க்க ஆசை என்று கேலி பேசுகிற இடதுசாரித் தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் எழுந்து நிற்கச் சொல்லி அதட்டப்பட்டவர்கள் இல்லை. கீழ்க் கோர்ட்டில் இடஒதுக்கீடு இருக்கிறது. பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், அதில் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு. வழக்குத் தேடி வராத வளாகத்தைவிட, சாதி பார்க்காமல் விடைத்தாள் திருத்தப்படும் பரீட்சை அவர்களுக்கு நியாயமாகத் தெரிகிறது.

இனி ஒதுங்குகிறவர்கள். இயக்கத்தில் இருக்கிற பையன்கள் ஏன் அந்தப் பக்கம் போவதில்லை என்று கேட்டால் கொள்கை என்பார்கள். முழுசாக நம்பாதீர்கள். பாதிப் பேருக்குக் காரணம் எஃப்.ஐ.ஆர். சாலை மறியல், சிலை உடைப்புக்கு எதிர்ப்பு, தடையை மீறி ஊர்வலம். பழைய தண்டனைச் சட்டத்தில் 143, 147, 188, 341 என்று நான்கு எண்களைப் போட்டு, ஐம்பது பேர் பெயரை எழுதி, "மற்றும் பலர்" என்று முடித்துவிடுவார்கள். அந்த வழக்கு விசாரணைக்கும் வராது, முடியவும் முடியாது. வேலைக்குப் போகும்போது போலீஸ் விசாரணையில் மட்டும் உயிர் பெற்று எழுந்து வரும்.

ஊர்த் தகராறில் நடப்பது இன்னும் தந்திரமானது. சேரியை அடித்துவிட்டு, நாம் பி.சி.ஆர். புகார் கொடுத்த அன்றைக்கே எதிர்ப்புகார் கொடுப்பார்கள். அதில் யார் பெயர் முதலில் இருக்கும்? அன்றைக்கு ஊரிலேயே இல்லாத, விடுதியில் தங்கிப் படிக்கிற பையன் பெயர். "படிச்சவனைப் போடு, அவனுக்குத்தான் வலிக்கும்" என்று சொல்லித் தரும் ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவனுக்கு வலிக்கிறது என்றால் அவன் அப்பன் புகாரைத் திரும்பப் பெறுவான். சமரசம் முடிந்தது, வன்கொடுமை வழக்கும் முடிந்தது. நீதிபதியாகும் கனவை ஈடு வைத்து நம் ஜனத்தின் வழக்குகள் கொல்லப்படுகின்றன. இதை எந்த ஆணையமும் எண்ணிப் பார்க்கவில்லை.

உண்மையிலேயே கொள்கையால் ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. மேலவளவு வழக்கிலும் கண்ணகி-முருகேசன் வழக்கிலும் பொ. ரத்தினம், கோகுல்ராஜ் வழக்கில் ப.பா. மோகன் என்று வக்கீல்கள் வருஷக்கணக்கில் அலைந்து தண்டனை வாங்கிக் கொடுத்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. 2021-ல் ஜெய்பீம் படம் வந்த பிறகு சட்டக் கல்லூரி விடுதியில் யாரைக் கேட்டாலும் வக்கீலாகப் போகிறேன் என்றுதான் சொன்னான். நீதிபதி என்று சொன்னவனைத் தேட வேண்டியிருந்தது. "ஜட்ஜ் ஆனா வாயை மூடிக்கணும் தோழர். கூட்டத்துக்கு வர முடியாது, துண்டறிக்கை கொடுக்க முடியாது, நம்ம தெரு சாவுக்கு வந்தாக்கூட யோசிக்கணும்" என்கிறார்கள். உண்மைதான். நம்மில் இருந்து போன சிலர் குடியிருப்புக் கதவைச் சாத்திக்கொண்டதோடு சரி, சாதிச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். பயம்தான். 2023 ஜூலையில் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் படங்கள் மட்டும்தான் இருக்கலாம் என்று உயர் நீதிமன்றத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வக்கீல்கள் தெருவுக்கு வந்தார்கள், அமைச்சர் தலைமை நீதிபதியைப் பார்த்தார், அம்பேத்கர் படம் தப்பித்தது. அரசியல் சட்டத்தை எழுதியவர் படத்துக்கே கோர்ட்டுச் சுவரில் போராடி இடம் வாங்க வேண்டியிருந்தால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நம்ம ஆளுக்கு எவ்வளவு இடம் இருக்கும்?

கர்ணன் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தாண்ட முடியாது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, சாதியின் பேரால் தன்னைச் சக நீதிபதிகள் அவமதிப்பதாக 2011-ல் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்துக்குப் புகார் எழுதினார். 2017 மே மாதம் நீதிமன்ற அவமதிப்புக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அப்படியொரு தண்டனை அதற்கு முன் கிடையாது. பின்னால் பெண்களைப் பற்றி அவர் பேசியதும் அதற்காக 2020-ல் கைதானதும் எந்த விதத்திலும் ஆதரிக்கத் தக்கவை அல்ல, நான் ஆதரிக்கவும் மாட்டேன். ஆனால் அந்த 2011 புகார்? அதில் சொன்னது உண்டா இல்லையா என்று நேர்மையாக விசாரித்து ஊரறியச் சொன்னவர் யார்? அவர் பேசிய பேச்சை வைத்து அந்தக் கேள்வியை அடக்கம் செய்துவிட்டார்கள். நம் மாணவர்களுக்கு இது மறக்கவில்லை.

இருந்தும் நான் போகச் சொல்கிறேன். ஏன் என்றால் அதிகாரம் உச்ச நீதிமன்றத்தில் மட்டும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு நம் பையனைப் போலீஸ் ரிமாண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தும்போது, "சட்டையைக் கழட்டு, முதுகைக் காட்டு" என்று ஒரு மாஜிஸ்திரேட் சொல்கிறாரா, இல்லை தலை நிமிராமல் கையெழுத்துப் போடுகிறாரா என்பதில் ஒரு உயிர் தொங்குகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பனும் மகனுமாக இருவரையும் அடித்து நொறுக்கிக் கொண்டுவந்தபோது ரிமாண்ட் கையெழுத்து விழுந்தது, இருவரும் காவலிலேயே செத்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டோ அதே காவல் நிலையத்தில் போலீஸ்காரர் தன்னை இழிவாகப் பேசியதையும் சேர்த்து அறிக்கையில் எழுதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். வழக்கே அங்கிருந்துதான் நிமிர்ந்தது. இரண்டு பேரும் ஒரே பதவிதான், ஒரே சட்டம்தான். அந்த இடத்தில் முதுகில் விழுந்த அடி எப்படியிருக்கும் என்று தெரிந்த ஆள் உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன். பிறப்பே நீதியைத் தந்துவிடும் என்று சொல்லவில்லை. 2024 ஆகஸ்டில் உள்ஒதுக்கீடு செல்லும் என்று வந்த தீர்ப்பை அருந்ததியர் தோழர்களோடு சேர்ந்து வரவேற்றவன் நான். அதே தீர்ப்பில் பட்டியல் சாதியிலும் 'கிரீமி லேயர்' பார் என்று எழுதியவரும் கவாய்தான். தலித் நீதிபதி நமக்குப் பிடித்ததையே எழுதுவார் என்று எதிர்பார்ப்பது அரசியல் அல்ல. ஆனால் ஒருவர்கூட இல்லாதபோது என்ன நடந்தது? 2010 மே மாதம் பாலகிருஷ்ணன் ஓய்வு பெற்றார். 2019 மே மாதம் கவாய் வரும் வரை ஒன்பது வருஷம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதி கிடையாது. அந்த வெறுமைக்கு நடுவில்தான் 2018 மார்ச் 20-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கும் தீர்ப்பு வந்தது. ஏப்ரல் 2-ல் வடக்கே நம் ஜனம் தெருவில் செத்து, அதற்குப் பிறகுதான் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

மேலே ஏன் ஆளில்லை? 2018 முதல் 2023 ஜூலை வரை உயர் நீதிமன்றங்களில் போட்ட 604 நீதிபதிகளில் பொதுப் பிரிவினர் 458 பேர், பட்டியல் சாதியினர் 18 பேர், பழங்குடியினர் 9 பேர். இது அரசே பாராளுமன்றத்தில் கொடுத்த கணக்கு. அங்கே இடஒதுக்கீடு இல்லை, கொலீஜியம்தான். வக்கீல்களிலிருந்து எடுக்கும்போது நம் ஆள் கண்ணில் படுவதில்லை. மிச்சமிருக்கும் வழி கீழ்க் கோர்ட்டிலிருந்து ஏறிப் போவது. அது வயசோடு ஓடும் ஓட்டம். உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியான நம் ஊர் ஏ. வரதராஜன் 1949-ல் முன்சீப்பாகச் சேர்ந்தார். உயர் நீதிமன்றத்துக்குப் போக 1973 ஆயிற்று, டெல்லிக்குப் போக 1980 ஆயிற்று. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 62. 23 வயதில் உள்ளே நுழைகிற பெண் அறுபதுக்கு முன் உயர் நீதிமன்றப் படியேறலாம். முப்பதில் நுழைகிறவள் மாவட்ட நீதிபதியாகவே ஓய்வு பெற்றுவிடுவாள். மூணு வருஷ விதி கீழ்வாசலில் வைத்த தடை மாதிரித் தெரிந்தாலும், அது அடைப்பது மேல்மாடியை.

விதி மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அனுபவத்தைக் கணக்கிடலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே முடிவு வரட்டும், பட்டம் வாங்கட்டும் என்று மாதங்களை விடாதீர்கள். 750, 125 ரூபாய்க்கு மேல் எவன் கேட்டாலும் ரசீது கேளுங்கள். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் கணக்கில் வரும், அந்த வேலைகளுக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பிப்பதே இல்லை. ஆதிதிராவிடர் நலத்துறை இந்த மூன்று வருஷத்துக்கும் மாத உதவித்தொகை தர வேண்டும் என்று கேட்போம். போராட்ட வழக்குகளை ரத்து செய்யச் சொல்லித் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோமே, அந்தப் பட்டியலில் மாணவர்கள் பெயரை முதலில் வைப்போம்.

இன்னொன்று நம் வீட்டுக்குள் பேச வேண்டியது. பத்து வருஷம் தாண்டிய தலித் வக்கீல்கள் இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். மேடையில் அம்பேத்கர் பேசுகிற நம்மில் எத்தனை பேர் ஜூனியருக்குச் சம்பளம் தருகிறோம்? என்னையே கேட்டுக்கொண்டேன். போன ஜூனியருக்கு நான் கொடுத்தது மாதம் 3,000. அதையும் இரண்டு மாதம் கொடுக்கவில்லை. அவன் இப்போது கூரியர் கம்பெனியில் இருக்கிறான்.

அந்தப் பெண் ஜூன் மாதத்திலிருந்து என் அலுவலகத்துக்கு வருகிறாள். நாங்கள் நாலு வக்கீல்கள் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டுக் கொடுக்கிறோம். எட்டாயிரம். உயர் நீதிமன்றம் சொன்னதில் பாதிதான், அவள் அம்மாவுக்கும் அது தெரியும். காலையில் வாய்தாக் கட்டை எடுத்துவைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொழிபெயர்ப்புத் தாளுக்குப் பழைய தீர்ப்புகளைத் தமிழில் எழுதிப் பார்க்கிறாள். போன வாரம் ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்டை மேசையில் பார்த்து, "இது நம்ம வழக்காண்ணே?" என்று ஆச்சரியமாகக் கேட்டாள். இல்லை, பக்கத்து அறை வக்கீலிடம் அவள் படித்துப் பார்க்க இரவல் வாங்கி வந்தது.